மூன்று குண்டுகளை வைத்து ஒரு லாட்டை மதிப்பிட முடியுமா? துக்ளகாபாதில் .22 தோட்டாச் சோதனையும் மான் வேட்டைக்காரர்களின் கைத்தயாரிப்பும்

முனிர்க்காவாசி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் துக்ளகாபாதில் உள்ள டாக்டர் கர்ணி சிங் சுடுதளத்தில் 50 மீட்டர் ரைஃபிளில் படுத்த நிலைப் பயிற்சி பெற்று வருகிறாள். இதுவரை கிளப்பில் கொடுக்கும் .22 தோட்டாவையே சுட்டுவந்தாள். அடுத்த போட்டிக்கு முன்னால் இரண்டு மூன்று லாட்களை, அதாவது தொழிற்சாலையில் ஒரே தொகுதியாகத் தயாரான தோட்டாக்களை, வாங்கிச் சோதித்து, அவள் சுடும் துப்பாக்கியின் பேரலுக்கு (குழலுக்கு) எது பொருந்துகிறதோ அதையே பருவம் முழுவதற்கும் எடுத்து வைத்துக்கொள்ளும்படி பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில், டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர் வெள்ளைவால் மான் வேட்டைக்காகத் தன் .308 தோட்டாக்களைத் தானே தயாரித்துக்கொள்கிறார். வெற்று உறையை மீண்டும் அளவுக்குக் கொண்டுவந்து, பவுடரைப் பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, பவுடரை நிறுத்துப் போட்டு, குண்டைப் பதிப்பதுவரை எல்லாம் அவர் வீட்டு கராஜிலேயே நடக்கிறது. அண்மையில் அவர் அனுப்பிய படத்தில் 100 கெஜ தூரத்தில் சுட்ட மூன்று குண்டுகள் ஒன்றையொன்று தொட்டபடி ஒரே கிழிசலாக இருந்தன. "கடைத் தோட்டாவை நம்பாதீர்கள், நீங்களே தயாரியுங்கள், மூன்று குண்டு சுட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்" என்கிறார்.

இங்கே அப்படிச் செய்ய முடியுமா என்பதும், முடியாதென்றால் வாங்கிய லாட்களை எப்படிச் சோதிப்பது, ஒவ்வொன்றிலும் எத்தனை குண்டு சுட்டால் போதும் என்பதும்தான் என் கேள்விகள். தோட்டாவின் விலை உங்களுக்குத் தெரியும். வீணாக்கவும் மனமில்லை, அரைகுறையாகச் செய்யவும் மனமில்லை.

பதர்பூர் எல்லை

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் விவாதிக்க அதிகமில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். விளையாட்டு வீரர் என்ற முறையில் நம் கையில் இருப்பது துப்பாக்கி வைத்திருக்கவும் குறித்த எண்ணிக்கையில் தோட்டா வாங்கவும் தரப்படும் உரிமம்தான். அது தயாரிப்பு உரிமம் ஆகாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரிப்பதற்கான தண்டனை ஏழாண்டில் தொடங்கி ஆயுள் வரை போகிறது. உங்கள் மைத்துனரின் கராஜ் டெக்சாஸில் இருக்கும்வரை அது அவருடைய பொழுதுபோக்கு. முனிர்க்காவுக்கு வந்தால் அது வழக்கு.

சட்டம் இடம் கொடுத்தாலும் உங்கள் மகளின் தோட்டா இடம் கொடுக்காது. .308 சென்டர்ஃபயர் வகையைச் சேர்ந்தது. அதன் அடிப்பாகத்தின் நடுவில் பிரைமர் தனிக் குமிழாகப் பொருத்தப்பட்டிருப்பதால், சுட்ட பிறகு அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். .22 ரிம்ஃபயரில் பிரைமர் கலவை உறையின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பரப்பி உலர்த்தப்பட்டிருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்கச் செய்கிறது, நசுங்கிய விளிம்பை மீண்டும் நிரப்ப வழியில்லை. ஆகவே ஒலிம்பிக் அளவில் .22 சுடுபவர்களும் கடைத் தோட்டாவைத்தான் சுடுகிறார்கள். 2012இல் லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங், 2024இல் பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே போன்றவர்களுக்கும் 50 மீட்டரில் இதே நிலைதான்.

எனவே நமக்கு இருக்கும் சுதந்திரம் தேர்ந்தெடுப்பது மட்டுமே. அது சிறிய சுதந்திரமும் அல்ல. ஒரே நிறுவனத்தின் ஒரே பெயர்ப் பெட்டியில், ஒரே விலையில் வரும் இரு லாட்கள் ஒரே பேரலில் வெவ்வேறு விதமாகச் சுடும். ஒரு பேரலில் முதலிடம் பிடித்த லாட் அடுத்த பாயிண்டில் படுத்திருப்பவரின் பேரலில் சுமாராகச் சுடுவதையும் நாம் பார்க்கிறோம். பவுடரின் தொகுதி, பிரைமர் கலவையின் சீர், ஈயத்தின் கடினம், குண்டின் மேல் பூசிய மெழுகு, தோட்டா அமரும் சேம்பரின் அளவு என்று பலவும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. தோட்டா தயாரிக்கும் எலே நிறுவனம் பர்மிங்காமிலும் லாபுவா ஜெர்மனியின் ஷோனபெக்கிலும் சோதனைத் தளங்களை வைத்திருப்பதும், சுடுபவர்கள் தங்கள் ரைஃபிளையே அங்கு கொண்டுபோய் அசையாதபடி கிளாம்ப்பில் மாட்டி லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குவதும் இதனால்தான்.

எத்தனை குண்டு என்ற கேள்விக்குக் கரோல்பாக் நண்பர் வரட்டும், அவர் சொல்வார்.

கரோல்பாக் கணக்கர்

ஐயா அழைத்துவிட்டார், வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பதை நாம் எல்லா இடத்திலும் பயன்படுத்திப் பழகிவிட்டோம். சோற்றுக்கு அது பொருந்துவதற்குக் காரணம், பானையில் உள்ள அத்தனை பருக்கையும் ஒரே கொதிநீரில் ஒரே நேரம் வெந்திருப்பது. தோட்டாவில் நாம் தேடுவது பருக்கைக்குப் பருக்கை உள்ள வேறுபாட்டையே. வேறுபாட்டை ஒரே பருக்கையால் அளக்க முடியாது, மூன்றாலும் முடியாது.

எண்ணில் சொல்கிறேன். குண்டுகள் நடுப்புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சிதறுவதாக வைத்துக்கொண்டு, கிடைமட்டத்தில் அல்லது செங்குத்தில் உள்ள திட்டவிலக்கத்தைச் சிக்மா என்று அழைப்போம். ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டத்தில், அதாவது ஒரு குரூப்பில், மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், சராசரியாக மூன்று குண்டுக்கு 2.41 சிக்மா, ஐந்து குண்டுக்கு 3.07 சிக்மா, பத்துக் குண்டுக்கு 3.81 சிக்மா ஆகும். தோட்டா மாறவில்லை, துப்பாக்கி மாறவில்லை. எண்ணிக்கை கூடினாலே குரூப் விரியும். மூன்று குண்டுக் குரூப்பை ஒருவர் காட்டும்போது அவர் தோட்டாவின் தரத்தோடு தன் சிக்கனத்தையும் சேர்த்தே காட்டுகிறார்.

இதைவிடப் பெரிய சிக்கல், மூன்று குண்டுக் குரூப்பின் அளவு தானே நிலையில்லாதது என்பது. அதன் ஏற்ற இறக்கம் சராசரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பத்துக் குண்டுக் குரூப்பில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. 50 மீட்டரில் ஒரு லாட்டின் சிக்மா 2.5 மில்லிமீட்டர், இன்னொன்றினுடையது 3.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நல்ல லாட்டுக்கும் சுமாரான லாட்டுக்கும் உள்ள இடைவெளி. மூன்று மூன்று குண்டு சுட்டு ஒப்பிட்டால், ஏறக்குறைய நான்கில் ஒரு முறை சுமாரான லாட்தான் சிறிய குரூப்பைக் காட்டி உங்களை ஏமாற்றும். ஒவ்வொன்றிலும் நான்கு பத்துக் குண்டுக் குரூப் சுட்டுச் சராசரியை ஒப்பிட்டால், அந்தத் தவறு நடக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். எனவே லாட்டுக்கு 40 குண்டு, கூடவே பேரலைப் பழக்கப்படுத்தச் சில குண்டு. ஒரு பெட்டியில் 50 என்பதால் ஒரு பெட்டி போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மைத்துனரின் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமாரான அந்த இரண்டாவது லாட்டில் மூன்று குண்டுக் குரூப்பாக எட்டு முறை சுட்டால், சராசரி 8.4 மில்லிமீட்டர் வரும். அந்த எட்டில் மிகச் சிறியது மட்டும் 4 மில்லிமீட்டர் அருகில் வரும். அதைப் படமெடுத்து அனுப்பினால் உலகத்தரமாகத் தெரியும். மற்ற ஏழு தாள்கள் எங்கே என்றுதான் கேட்க வேண்டும்.

துவாரகா 14

கணக்கரோடு நான் பாதி உடன்படுகிறேன், பாதி வாதாட வேண்டியிருக்கிறது. வேலைக்காகப் பல ஆண்டுகள் டெக்சாஸில் இருந்தபோது உடன் பணிபுரிந்தவர்களுடன் நவம்பர் மாத மான் பருவத்தில் வேட்டைக்குப் போயிருக்கிறேன். அவர்களின் கைத்தயாரிப்பு மேசையில் உட்கார்ந்து உதவியும் இருக்கிறேன்.

வேட்டைக்காரர் மூன்று குண்டு சுடுவதற்கு ஒரு நியாயம் உண்டு. அவருடைய துப்பாக்கி தோளில் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் நடப்பதற்காகச் செய்யப்பட்டது. பேரல் மெல்லியது. தொடர்ந்து நான்கைந்து குண்டு சுட்டாலே சூடேறி, குண்டு விழும் இடம் நகரத் தொடங்கும். மானோ முதல் குண்டுக்கே விழுந்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது குண்டுக்கு அது அங்கே நிற்காது. குளிர்ந்த பேரலிலிருந்து புறப்படும் முதல் குண்டு எங்கே போகிறது என்பதே அவருடைய கேள்வி. பத்துக் குண்டைச் சூடான பேரலில் சுட்டுப் பெறும் விடை அவருக்கு வேறொரு கேள்வியின் விடை.

இலக்கின் அளவும் வேறு. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டம் உடையது. 100 மீட்டரில் ஐந்து குண்டுகளை 4 சென்டிமீட்டருக்குள் வைக்கும் தோட்டா, 150 மீட்டரில் நிற்கும் மானுக்குத் தாராளமாகப் போதும். அங்கே குறி தவறுவது மரத்தில் சாய்ந்து, மூச்சு வாங்க, கையுறையோடு சுடுவதால்தான். ஆனாலும் கைத்தயாரிப்பாளர்கள் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப்பில் வேக வேறுபாட்டை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் மெனக்கெடுவார்கள். .308 குண்டின் வேகம் ஒரு சதவீதம் மாறினால் 100 மீட்டரில் உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறாது. அந்த மெனக்கெடல் நெடுந்தூரப் போட்டிக்காரருக்குப் பொருந்தும். மரத்து மேடையில் உட்கார்ந்து மானுக்காகக் காத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் குளிர்கால மாலைகளைக் கழிக்கும் வழி.

அப்படியானால் கைத்தயாரிப்பால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், குண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பேன். காகிதத்தில் துளை போடும் குண்டும் மானை வேதனையின்றி வீழ்த்தும் குண்டும் ஒன்றல்ல. வேட்டைக் குண்டு உள்ளே நுழைந்ததும் விரிய வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று தேவை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டு கட்டாயம். முழுச் செப்புக் குண்டு ஈயத்தைவிட இலேசானது. எனவே அதே எடைக்கு நீளமாக இருக்கும், உறைக்குள் அதிக இடம் பிடிக்கும், விரிவதற்குக் கூடுதல் வேகமும் கேட்கும். இங்கிலாந்தில் சட்டமே தலையிடுகிறது. பெரிய மான் இனங்களுக்குக் குறைந்தது .240 அளவுக் குண்டும், குழல்வாயில் 1,700 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,300 ஜூல் ஆற்றலும் வேண்டும்.

பிறகு அழுத்தம். இதைச் சொல்லாமல் கைத்தயாரிப்பைப் பற்றிப் பேசவே கூடாது. .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தொழில் தரக்கட்டுப்பாடு வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதைத் தாண்டினால் முதலில் உறைதான் பேசும். சுட்ட உறையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், உருண்டையான ஓரத்தோடு இருக்க வேண்டிய பிரைமர் தட்டையாகிக் குழியை நிரப்பியிருக்கும். பித்தளை அடிப்பாகத்தில், உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் அரைவட்டத் தடம் பளபளப்பாகப் பதிந்திருக்கும். போல்ட்டைத் தூக்க உள்ளங்கையால் தட்ட வேண்டியிருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தத் தொகுதியைச் சுடாமல் பிரித்துவிடுவார்கள். ஜனவரிக் குளிரில் ஒழுங்காக இருந்த அளவு ஆகஸ்ட் வெயிலில் வரம்பை மீறக்கூடும், வெப்பம் ஏறினால் பல பவுடர்கள் வேகமாக எரியும். பவுடர் அளவை அச்சிட்ட கையேட்டின் தொடக்க எண்ணிலிருந்து தொடங்கி மெல்ல ஏற்றுவதே அங்குள்ள ஒழுங்கு. இணையத்தில் யாரோ எழுதிய எண்ணை எடுத்துப் போடுபவருடன் ஒரே பெஞ்ச் வரிசையில் உட்கார எவரும் விரும்புவதில்லை.

கரோல்பாக் கணக்கர்

துவாரகா நண்பர் சொன்ன குளிர் பேரல் வாதம் சரியானது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது மூன்று குண்டுக்கு ஆதரவான வாதமில்லை. ஒவ்வொரு முறை தளத்துக்குப் போகும்போதும் குளிர்ந்த பேரலில் முதல் குண்டை ஒரே தாளில், ஒரே குறிப்புள்ளிக்குச் சுட்டு, அந்தத் தாளைப் பருவம் முழுவதும் பத்திரப்படுத்தினால், பத்துப் பதினைந்து முதல் குண்டுகள் சேர்ந்துவிடும். அந்தத் தாள் சொல்வதை அவர் நம்பலாம். ஒரே நாளில் சுட்ட மூன்றை மட்டும் நம்புவதற்கு அதில் இடமில்லை.

முனிர்க்காவாசி

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். என் மகள் இன்னும் தொடக்க நிலையைத் தாண்டிக்கொண்டிருப்பவள்தான், கை நிலைப்பும் குறி பிடிப்பும் இன்னும் கூடிவர வேண்டும். 2.5, 3.5 என்று நீங்கள் சொல்லும் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு அவளுடைய மதிப்பெண்ணில் தெரியுமா? தெரியாதென்றால் அந்தப் பணத்தைப் பயிற்சிக்கே செலவிடலாமே.

கரோல்பாக் கணக்கர்

இதைக் கேட்காமலேயே பலர் லாட் சோதனைக்கு ஓடுகிறார்கள். 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; குண்டின் துளை 5.6 என்று கணக்கிடப்படுகிறது. துளையின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், துளையின் மையம் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். அதற்குள் நடுவை நோக்கி ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டருக்கும் ஒரு தசமப் புள்ளி, அதாவது 0.1, கூடும்.

சுடுபவரின் சிதறலும் தோட்டாவின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடும். உங்கள் மகளின் பிடியின் சிக்மா 10 மில்லிமீட்டர் என்றால், 2.5 லாட்டுடன் சேர்ந்து மொத்தம் 10.3 ஆகும், 3.5 லாட்டுடன் 10.6 ஆகும். தசமப் புள்ளி எண்ணும் 60 குண்டுப் படுத்த நிலைப் போட்டியில் இந்த வேறுபாடு மூன்று புள்ளிகளுக்கு மேல் வராது. அவள் பிடி 5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், அதே லாட் வேறுபாடு ஐந்து புள்ளிகளை நெருங்கும். கை தேறத் தேறத்தான் தோட்டாவின் குறை வெளியே தெரியும். மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் தசமம் எண்ணுவதில்லை என்பதால் அங்கே கணக்கு மாறும்.

என் கருத்து: பிடியை 10இலிருந்து 8க்குக் கொண்டுவருவது எந்த லாட்டும் தராத லாபத்தைத் தரும். ஆனாலும் ஒருமுறை சோதித்து மோசமான லாட்டை மட்டும் விலக்கிவிடுவது நல்லது. தன் குண்டு எங்கே போகும் என்பதில் நம்பிக்கையில்லாத பிள்ளை தன் பிழையைத் தோட்டாவின் மேல் போடக் கற்றுக்கொள்ளும்.

ஆர்.கே.புரம் பார்வையாளர்

மான் வேட்டையை இவ்வளவு இயல்பாகப் பேசுவது எனக்கு உறுத்துகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் அதைத் தடை செய்திருக்கிறது. புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

பதர்பூர் எல்லை

உறுத்துவது நல்லதுதான். இங்கே மான் வேட்டை குற்றம் என்பதில் இந்த இழையில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வேட்டைக்காரரின் கணக்கும் காப்பவரின் கணக்கும் ஒரு காலத்தில் ஒரே மேசையில் இருந்ததை நம் நீலகிரியே சொல்கிறது: 1877இல் அங்கே வேட்டைச் சங்கம் தொடங்கி, 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கச் சட்டம் வந்தது. அவ்வளவோடு நிறுத்திக்கொண்டு சோதனைக்குத் திரும்புகிறேன், முனிர்க்காவாசிக்கு அதுதான் வேண்டும்.

கிளாம்ப் கிடைத்தால் கிளாம்ப்பில் சுடுங்கள். கிடைக்காவிட்டால் முன்னும் பின்னும் மணற்பை வைத்த பெஞ்ச்சில், உங்கள் மகள் சுடாமல் கை தேறிய ஒருவர் சுடட்டும். நாம் சோதிப்பது தோட்டாவை. கிளப்பின் ரைஃபிள் என்றால் கிளப்பின் பொறுப்பாளர் உடன் இருக்க வேண்டும், அதில் சலுகை கேட்காதீர்கள்.

ஒரு நிறுவனத் தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. .22 குண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், பிசுபிசுப்பான ஒரு பூச்சு ஒட்டும். பெட்டியில் வரிசையாக நிற்கும் குண்டுகளின் மூக்கில் பொடிப்பொடியாக வெண்மை படிந்திருந்தால் அதுவும் அதே மெழுகுதான். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கலவை வைத்திருக்கிறது. பேரலின் உட்புறம் பழைய மெழுகை உதறிவிட்டுப் புதியதை முழு நீளத்துக்கும் பூசிக்கொள்ளும்வரை குண்டுகள் அங்கங்கே போகும். இது தெரியாமல் ஒரு லாட்டின் முதல் ஐந்தைச் சுட்டுவிட்டு "இது ஆகாது" என்று ஒதுக்குபவர்களை வாரந்தோறும் பார்க்கலாம்.

டெல்லியில் சோதனைக்கு நேரம் பார்க்க வேண்டும். 50 மீட்டர் தளம் திறந்தவெளி. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று வீசினால் .22 குண்டு அரை சென்டிமீட்டர் அளவில் ஒதுங்கும், அது ஒரு வளையத்தில் பாதிக்கும் மேல். மே மாதத்தில் வீசும் லூ என்ற அனல்காற்றில் லாட் சோதனை செய்வது வீண்வேலை. பனிமூட்டம் விலகிய ஜனவரி முற்பகலில், காற்றுக்கொடி தொங்கிக்கொண்டிருக்கும் அரைமணி நேரம்தான் நமக்கு வாய்க்கும் நல்ல நேரம்.

குளிரில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். போட்டித் தோட்டாவின் வேகம் வினாடிக்கு 325 மீட்டர் சுற்றளவில் வைக்கப்படுவதே ஒலியின் வேகத்துக்குக் கீழே நிற்பதற்காகத்தான். 42 டிகிரி வெயிலில் ஒலி 357 மீட்டர் வேகத்தில் போகும். 6 டிகிரிக் காலையில் 335க்கு இறங்கிவிடும். அதாவது குளிரில் குண்டு ஒலித்தடைக்கு நெருக்கமாகப் பறக்கிறது. ஒரு லாட்டின் சராசரி வேகம் கொஞ்சம் அதிகமாக இருந்து, அதில் சில குண்டுகள் இன்னும் வேகமாகப் போனால், குளிர்காலத் தாளில் அவை தனியே தெரியும். வேக வேறுபாடு செங்குத்திலும் பேசும். ஒரு சதவீத வேறுபாடு 50 மீட்டரில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் உயர வேறுபாடாக வரும். குரூப் அகலமாக இருந்தால் காற்றைச் சந்தேகியுங்கள், நெட்டாக இருந்தால் தோட்டாவைச் சந்தேகியுங்கள். இது கண்டிப்பான விதி இல்லை என்றாலும் முதல் துப்பாக உதவும்.

லாட் ஒன்றை முழுக்கச் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது பழக்கமாக இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் லாட்களாக இருந்தால் பத்துக்குப் பத்து மாற்றி மாற்றிச் சுடுங்கள். அப்போது காற்றும் வெளிச்சமும் சுடுபவரின் களைப்பும் எல்லா லாட்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். வெவ்வேறு நிறுவனம் என்றால் மெழுகுச் சிக்கலால் இது முடியாது. அப்போது நாளையோ நேரத்தையோ மாற்றி இரண்டாம் முறையும் சுட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனித்து விழுந்த குண்டை விலக்காதீர்கள். "அது நான் இழுத்துவிட்டது" என்று சுடும்போதே, இலக்கைப் பார்ப்பதற்கு முன்பே சொன்னால் விலக்கலாம். பார்த்த பிறகு சொன்னால் அது லாட்டின் குண்டு. போட்டியில் எட்டாம் வளையத்துக்குப் போவது அந்தக் குண்டுதான், அதைத் தேடித்தான் இத்தனை செலவும் செய்கிறோம்.

மயூர்விகார் 4.5

10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடும் எங்களைப் போன்றவர்களுக்கும் இந்த இழை பயன்படுகிறது. ஏர் ரைஃபிளில் சுடும் சிறு ஈயக் குண்டான பெல்லட்டைச் சோதிப்பது எளிது. தளம் உள்ளரங்கில், காற்றுத் தொல்லை இல்லை, செலவும் மிகக் குறைவு. 4.5 மில்லிமீட்டர் அளவுக்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு உரிமமும் தேவையில்லை என்பதால் பள்ளி மாணவர்களே பெற்றோருடன் வந்து செய்யலாம். போட்டிப் பெல்லட்டுகளின் தலை விட்டம் 4.48, 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வருகிறது. எங்கள் அனுபவத்தில் நிறுவனத்தை மாற்றுவதைவிடத் தலை அளவை மாற்றிப் பார்ப்பது அதிகம் பலன் தந்தது. பத்து வளையம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி என்பதால் இங்கே சிறு வேறுபாடும் மதிப்பெண்ணாகிவிடும். டப்பாவைக் கீழே போட்டால் பெல்லட்டின் பின்புற மெல்லிய விளிம்பான பாவாடை நெளிந்துவிடும்; நெளிந்ததைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

முனிர்க்காவாசி

எல்லோருக்கும் நன்றி. பயிற்சியாளரிடம் பேசி, ஒரே நிறுவனத்தின் மூன்று லாட்களில் லாட்டுக்கு ஒரு பெட்டி வாங்கி, கிளப்பின் கிளாம்ப்பில் மாற்றி மாற்றிச் சுடுவதாக முடிவு செய்திருக்கிறோம். கடைசியாக ஒன்று. தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பது, விளிம்பின் தடிப்பை அளந்து பிரிப்பது என்று சிலர் சொல்கிறார்களே, அதனால் பயன் உண்டா? மைத்துனர் தன் உறைகளை எடை போட்டுத்தான் பிரிக்கிறாராம்.

பதர்பூர் எல்லை

மைத்துனருக்கு அது பொருந்தும். அவர் வெற்று உறையை எடை போடுகிறார். உறையின் எடை கூடினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் மாறும். நீங்கள் எடை போடுவது பவுடர், பிரைமர், மெழுகு, ஈயம், பித்தளை எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டாவை. குண்டு மட்டுமே 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். உள்ளே இருக்கும் பவுடர் அதில் சிறு பங்கு. எடையில் தெரியும் வேறுபாடு பித்தளையால் வந்ததா பவுடரால் வந்ததா என்று தராசு சொல்லாது. மலிவான பயிற்சித் தோட்டாவில் விளிம்புத் தடிப்பை அளந்து பிரித்தால் ஓரளவு பலன் தெரிவதாகச் சொல்பவர்கள் உண்டு. விலை உயர்ந்த போட்டித் தோட்டாவில் தொழிற்சாலையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அந்த நேரத்தை மகளின் படுக்கை நிலையைச் சரிபார்க்கச் செலவிடுங்கள்.

வாங்கும்போது ஒவ்வொரு பெட்டியின் லாட் எண்ணையும் தனித்தனியே பாருங்கள். வெளிக்கட்டில் ஒரு எண், உள்ளே இரண்டு பெட்டிகளில் வேறு எண் என்று கலந்து கொடுத்த விற்பனையாளரை நானே பார்த்திருக்கிறேன். சோதனை முடிந்ததும் தேறிய லாட்டைத் தாமதிக்காமல் உரிமத்தின் வரம்புக்குள் எடுத்து வையுங்கள். இறக்குமதி செய்த லாட் தீர்ந்தால் அதே எண் மீண்டும் வராது. வாங்கியதையும் சுட்டதையும் கிளப் பதிவேட்டிலும் உரிமப் புத்தகத்திலும் அன்றன்றே எழுதிவிடுங்கள், வெற்று உறைகளையும் தளத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.